ஏழு நொடி

ஹெல்மெட்டில் ஒரு கேமரா, ஹேண்டில்பாரில் ஒன்று.
மூன்றாவது என் கையில்.
பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து
துஷேத்தி மலைகள் பின்வாங்குவதைப்
பிடித்துக்கொண்டே வந்தேன்.

அபானோ கணவாயில், ஒரு வளைவு தாண்டியதும்
ஆடுகள்.
தோர்னிகே பிரேக்கை மிதித்தான்,
சரளை சரித்துவிட்டது.

இரவு, தெலாவி விடுதியறையில்
மூன்றையும் ஓட்டிப் பார்க்கிறேன்.
ஹெல்மெட்டில் வானம், பூட்ஸ், மறுபடி வானம்.
ஹேண்டில்பாரில் புல்;
பிறகு லென்ஸை நக்கும் ஆட்டின் நாக்கு,
திரை முழுக்க ரோஸ்.
என்னுடையதில் வெறும் இருட்டு.
மார்போடு அணைத்தபடி விழுந்திருக்கிறேன்.

இருட்டுக்குள் அவன் குரல்:
"கேமரா உடையலையே?"

மைக்கில் என் நெஞ்சு அடிக்கிறது.
ஏழு நொடி.

"நுட்சா?"

முட்டியில் ஐஸ் பையோடு
ஆட்டு நாக்கில் ஆரம்பிக்கலாம் என்கிறான்,
எல்லாரும் சிரிப்பார்களாம்.

ஆரம்பிக்கலாம்.
அந்த ஏழு நொடியை மட்டும்
வெட்டவில்லை,
மேலே இசையும் போடவில்லை.