திருப்பி அனுப்புக

காலை பத்தே கால். மூன்றாம் கவுண்டர்.
ஏறாவூரில் முடியாதென்று
மட்டக்களப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள்.
கொப்பித் தாளில் மகன் எழுதிக் கொடுத்த இலக்கத்தை
ஒவ்வொன்றாக வாசிக்கிறா சித்தி ஜெஸீமா.
கடைசி ஏழை நான் அடித்ததும்
திரை சிவக்கிறது.

அனுப்பியவர் றபாய்தீன்.
அதில் பிழையில்லை.
அவருக்குச் சம்பளம் கொடுப்பது
ஓர் அரசாங்கத்தின் விமானக் கம்பெனி.
அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறது.

யார் எழுதிய பட்டியல்,
அந்த அரசாங்கம் யாருக்கு என்ன செய்தது,
ஒருவரும் எனக்கு விளங்கப்படுத்தவில்லை.
செய்திருக்கும்.
ஒன்றும் செய்யாத அரசாங்கத்தை நான் கண்டதில்லை.
கொழும்பு மின்னஞ்சலில் இரண்டே வரி:
திருப்பி அனுப்புக.
வாடிக்கையாளருக்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

"சிஸ்டத்தில ஒரு பிரச்சினை" என்கிறேன்.
"நாளைக்குச் சரி வருமா புள்ள?"
கீபோர்டில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டுகிறேன்.
"இவரு பிளேன் ஓட்டுறவரில்லியே.
சீற்றுக்கு உறை தெக்கிறவரு."

தெரியும்.
ஏறாவூர் மெயின் றோட்டில் ஓட்டோ சீற் தைத்த கடை.
என் ஸ்கூட்டர் இருக்கையும் அவர் தைத்தது,
கறுப்பு றெக்சினில் சிவப்பு நூல்.
மூன்று மாரி நனைந்தும் ஒரு தையல் விடவில்லை.

கண்ணாடிக்குக் கீழால் போனை நீட்டிக் காட்டுகிறா.
விமானத்தின் வயிற்றுக்குள்
கழற்றிக் கவிழ்த்த இருக்கைகளின் நடுவே
சப்பாணி கட்டி உட்கார்ந்திருக்கிறார் றபாய்தீன்,
உதட்டில் ஊசி.
அந்த நாட்டுக்குப் புதுச் சீற் விற்க ஆளில்லையாம்.
பறக்காமல் நிற்கிறதின் தோலை உரித்துப்
பறக்கிறதுக்குத் தைக்கிறாராம்.
டயரும் அப்படித்தானாம்.
சிரித்துக்கொண்டு சொல்கிறா.
இந்த நிமிடம் எந்த வானத்திலோ
யாரோ ஒருவர் அந்தத் தையலில் தலை சாய்த்துக்
குறட்டை விடக்கூடும்.

எனக்கு ஒன்பது வயதில்
மண்முனைத் துறையிலும் ஒரு பட்டியல் இருந்தது,
படுவான்கரைக்குக் கொண்டுபோகக் கூடாதவை.
பற்றறி. யூரியா. மண்ணெண்ணெய்.
மிச்சம் அன்றன்றைக்கு அவர்கள் நினைப்பது.
அம்மா முருங்கைக்காய்க் கட்டுக்குள்
இரண்டு பற்றறி செருகியிருந்தா.
கட்டை அவிழ்த்த கை ஒரு சின்னப் பொடியனுடையது,
புறங்கை முழுக்க வேர்க்குரு.
ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் போட்டான்.
எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.
அதற்காக அவனை வெகுகாலம் வெறுத்தேன்.
திரையைப் பார்ப்பது எவ்வளவு லேசு என்று
அப்போது எனக்குத் தெரியாது.

மற்றது தப்பியது.
தப்பியும் பயனில்லை.
எங்கள் றேடியோவுக்கு இரண்டு வேண்டும்.

அவ தாளை மடித்துக் கைப்பைக்குள் வைக்கிறா.
எழும்பும்போது, கொஞ்சம் உரத்து,
"அப்ப உண்டியல்ல அனுப்பச் செல்றன்" என்று
வாயெடுக்கிறா.
உண்டியல் என்று காதில் விழுந்தால்
நான் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று
இரண்டாம் லாச்சிக்குள் இருக்கிறது:
பெயர், அடையாள அட்டை இலக்கம்,
சந்தேகத்துக்கான காரணம்.

அடுத்த இலக்கத்துக்கான பொத்தானை அமத்துகிறேன்.
மணி அடிக்கிறது, நீளமாக.
அவ சொன்னது எனக்குக் கேட்கவில்லை.
கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

அஞ்சரைக்கு ஸ்கூட்டரை எடுத்தேன்.
பகல் முழுக்க வெயிலில் கிடந்த இருக்கை
தொடையைச் சுட்டது.
மண்முனைப் பாலத்தில்
ஒருவரும் என்னை மறிக்கவில்லை.