அவசரத் தொடர்புக்கு

படிவத்தில் மூன்றாவது கேள்வி:
மலையேறிய அனுபவம் உண்டா?
இருபத்தோரு வருடமாக
மஞ்சக்குப்பத்தில் கரண்ட் ரீடிங் எடுக்கிறேன்.
ஏறிய மாடிப்படிகளைக் கூட்டினால்
ஏதோ ஒரு மலை வரும்.
இறங்கியதைக் கழித்தால்
பூஜ்யம்.
'இல்லை' என்று எழுதினேன்.

குழுவை நடத்தும் மதியழகன்
மருந்துக் கம்பெனிப் பையன்.
"கல்வராயனுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்குக்கா.
நம்மூர்ல மலை இல்ல, கனம் இருக்கு,
அத வெச்சிப் பழகுவோம்" என்றான்.
ஆளுக்கு எட்டுக் கிலோ.
ஓ.டி.யில் ஐஸ் ஃபேக்டரிக் கணக்கு பார்க்கும் ஜியாவுதீன்
உப்பை மூட்டை கட்டி வந்தார்.
சில்வியா டீச்சர், திருத்தாத விடைத்தாள்கள்.
நான், ஓடாமல் போன மீட்டர்கள் ஏழு,
தகடு சுற்றும் பழைய ரகம்,
ஆபீசில் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

ஞாயிறு, விடியாத நாலே முக்கால்,
திருப்பாப்புலியூர் ஸ்டேஷன் வாசல்.
கேப்பர் மலை என்பது ஒரு மரியாதைக்கு.
டவுன் பஸ் கியர் மாற்றி ஏறிவிடும்.
ஆனாலும் எட்டுக் கிலோவுக்கு அது தெரியாது.
தோள்பட்டை வார் தோலை அறுக்க
ரோட்டை விட்டுச் செம்மண்ணில் இறங்கினோம்.
மழை கிழித்த ஓடைகள்.
தானே புயல் சாய்த்த ஒரு முந்திரி
படுத்த படுக்கையிலேயே பூத்திருந்தது.

ஒரு வீட்டு கேட்டருகே நாய் பாய்ந்து வந்தது.
"கரண்ட்டு!" என்று கத்திவிட்டேன்.
சிரித்தார்கள் எல்லோரும்.
நாய் மட்டும் புரிந்துகொண்டு
வழி விட்டது.

மேட்டில் நின்று பார்த்தால்
கடல், அடிக்கோடு போல.
அதற்கு இப்பக்கம்
தண்ணீர்த் தொட்டிகள் சுமந்த மாடிகள்.
எந்த மாடிக்குக் கீழே விடிய விடிய ஏசி,
எந்த வீட்டில் பிள்ளைகள் வெளியூர் போனபின்
யூனிட் பாதியாகிவிட்டது,
யார் அடுப்பைக் கரண்ட்டுக்கு மாற்றினார்கள்,
எனக்குத் தெரியும்.
அவர்களுக்கு நான் கரண்ட்டம்மா.
என் வீட்டு ரீடிங் நூறு யூனிட்டைத் தாண்டியதில்லை.
அதற்கு அரசாங்கம்கூடக் காசு கேட்பதில்லை.

இட்லிப் பொட்டலம் பிரித்தபோது
மதியழகன் என் படிவத்தை நீட்டினான்.
"கடைசிக் கட்டம் காலியா இருக்கேக்கா."
அவசரத் தொடர்புக்கு:
பெயர், உறவு, எண்.
சட்னியைத் தொட்டுக்கொண்டே இருந்தேன்.

"என் நம்பரப் போடுங்க" என்றார் சில்வியா,
"நானும் அத எழுதாமத்தான் குடுத்தேன்.
உங்களுத நான் போட்டுக்கறேன்."
இருவரும் பேனா தேடும்போது ஜியாவுதீன்,
உப்பு மூட்டையில் சாய்ந்தபடி:
"ரெண்டு பேரும் ஒரே மலையில இருப்பீங்க.
அங்க டவர் கெடையாது.
யாருதான் எடுக்கறது?"

நியாயமான கேள்வி.
முந்திரி நிழலில் கொஞ்ச நேரம்
யாரும் பேசவில்லை.
பிறகு எழுதினேன்.
பெயர்: மின்தடைப் புகார்ப் பிரிவு.
உறவு: இருபத்தோரு வருடம்.
எண் மனப்பாடம்.
"அத எப்பவும் எடுக்க மாட்டாங்களே!" என்றார் சில்வியா.
"புயல் நாள்ல எடுக்க மாட்டாங்க.
மத்தபடி நாலாவது ரிங்குல எடுப்பாங்க."
என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
அவரும் அதையே எழுதிக்கொண்டார்.
உறவுக் கட்டத்தில் என்ன எழுதினார் என்று
கை வைத்து மறைத்துவிட்டார்.

இறக்கத்தில் முதுகுப் பையில்
ஏதோ ஒரு தகடு
நடைக்கு நடை உரசிச் சுற்றுவது கேட்டது.

வீட்டுக்கு வந்து
மீட்டர்களை எடுத்து வரிசையாக அடுக்கினேன்.
ஒன்றில் கடைசி இலக்கம்
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்கிறது.
காலையில் ஏழு.
நானே பார்த்தேன்.
பாதி தாண்டியதைக் கணக்கில் சேர்ப்பதில்லை,
அது என் தொழில் வழக்கம்.
அட்டையில் ஏழு என்றே குறித்தேன்.

அடுத்த ஞாயிறு பத்துக் கிலோ.