இருபத்திரண்டு எழுத்து

ஜூன் மாதத்துச் செகெட்.
ஆய்வகத்தில் மின்விசிறி இல்லை, ஈக்களுக்கு ஆகாது.
எமெஷே அவற்றைக் கரியமில வாயுவில் மயக்கித்
தூரிகை நுனியால் புரட்டி எண்ணுகிறாள்.
நேற்று ஊசியைக் கிருமிக் கூழில் தோய்த்து
ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு குத்து.
இருநூறு குத்து.
கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது.

குத்து விழுந்த கணமே உள்ளே
தூது எழுதப்பட்டுவிடும்:
கிருமிக்கொல்லிப் புரதம் வேண்டும், உடனே, நிறைய.
தூது உட்கருவின் வாசல் தாண்டி வரும்.
வெளியே காத்திருக்கும்
இருபத்திரண்டே எழுத்தில் ஒரு துணுக்கு.
புரதமாகத் தெரியாது அதற்கு,
தன் பங்குக்குச் சொல்லவும் ஒன்றுமில்லை.
தூதின் வால் பக்கம்
ஏழெட்டு எழுத்துப் பொருந்தினால் போதும்,
ஒட்டிக்கொள்ளும்.
படிப்பாரில்லாமல் தூது நைந்துபோகும்.

"துரோகி" என்றான் பாலின்ட்
அந்தத் துணுக்கை ஈயிலிருந்து நீக்கிய வருடம்.
முதல் இரவு அவன் பக்கம்தான் நின்றது.
சாதாரண ஈக்களில் பாதி மல்லாந்து கிடக்க
துணுக்கு இல்லாதவை
குழாய்ச் சுவரில் ஜோராக ஏறிக்கொண்டிருந்தன.
அளவுக் குடுவையில் பாலிங்கா ஊற்றிக் குடித்தார்கள்.

பன்னிரண்டாம் நாள்
பார்த்தவள் எமெஷே.
சோளமாவுக் களியில் முகம் புதைத்து
அத்தனையும்.
நசுக்கி, தட்டில் பரப்பி, இரவெல்லாம் சூட்டில் வைத்தாள்.
ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை.
அழையா விருந்தாளி போய்ப் பத்து நாள்,
அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.
அணைக்கிற வேலைக்காரனைத்தான்
துரோகி என்று அனுப்பியாயிற்றே.

கட்டுரை வந்தது. முதல் பெயர் பாலின்ட்.
எமெஷே நன்றியுரையில் இருக்கிறாள்,
ஓர் எழுத்துக் குறைவாக.
அவன் இப்போது கோத்தன்பர்க்கில்.
அவனுக்கு எழுதிய கடிதம்
அவள் தொலைபேசியில் இருக்கிறது,
நாலாவது மாதமாக, அனுப்பாமல்.
நைகிறதா, கனல்கிறதா,
அவளுக்கே பிடிபடவில்லை.

சாயங்காலம் பாலத்தில் கூட்டம்.
டிஸாவில் பூ பூத்திருக்கிறது.
பூ என்றுதான் சொல்வார்கள் இங்கே,
நீரைக் கிழித்து எழும் லட்சம் பூச்சிகளை.
மூன்று மணி நேர வாழ்வு,
தின்ன வாய்கூடக் கிடையாது.
நோய்ப்பட எங்கே நேரம்?

ஒன்று அவள் முழங்கையில் வந்து உட்கார்ந்தது,
பிறகு இன்னொன்று.
பழக்க தோஷம், எண்ண ஆரம்பித்தாள்.
பதினேழில் விட்டுவிட்டு
கையை அசைக்காமல் நின்றாள்,
பைக்குள் தொலைபேசி அதிர்ந்தபோதும்.