கேட்

டெல்பர்ட்டின் படகு மோட்டார்
செவ்வாய்க்கிழமை கழன்று அணை ஏரிக்குள் விழுந்தது.
எடுத்துத் தந்தால் எண்பது டாலர்,
இல்லையென்றால் ஒரு பீர்.

இருபது அடிவரை ஓஸார்க் வெயில் கூடவே வந்தது.
அங்கே ஒரு கோடு.
அதைத் தாண்டியதும்
முகமூடி மறைக்காத கன்னத்தில்
யாரோ இரும்பை வைத்து அழுத்தினாற்போல் குளிர்.
அப்புறம் எல்லாம் தேநீர் நிறம். என் கை
முழங்கையோடு முடிந்துபோனது.

வெட்டாமல் விட்ட ஓக் மரங்கள்.
கிளையெல்லாம் தூண்டில் நரம்பு,
நாற்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்.
ஒன்றில் கால்துடுப்பு மாட்டி, கத்தியால் அறுத்து,
கெட்ட வார்த்தை சொன்னேன்;
குமிழாகப் போயிற்று.

பிறகு விளக்கொளியில் ஒரு கேட்.
யாருடைய மேய்ச்சல் நிலமோ.
வேலி விழுந்துவிட்டது,
கேட் மட்டும் சங்கிலி மாட்டியபடி நிற்கிறது.
மேலாகவே நீந்திப் போயிருக்கலாம்;
கெளுத்தி ஒன்று அப்படித்தான் போயிற்று.
நானோ பண்ணை வீட்டுப் பெண்.
கொக்கியைத் தடவிக் கழற்றி,
சேறு கிளம்பத் தள்ளித் திறந்து, உள்ளே போய்,
திரும்பி நின்று
சாத்தினேன்.

மோட்டார் கிடைக்கவில்லை.
படகு விளிம்பைப் பிடித்ததும் டெல்பர்ட் கேட்டான்,
"கீழே என்னதான் இருக்கிறது, மேவிஸ்?"

மாடு எதுவும் வெளியே போகவில்லை என்றேன்.