பதினேழாவது மூட்டை

கப்பலூர் சிட்கோவில்
முலாம் பட்டறையின் கழிவுத்தொட்டி
கிளிப்பச்சையாய் மினுங்கியது.
அழகென்று நான் சொல்லுமுன்
"நிக்கல்" என்றாள் ஜெசிந்தா.

கண்மாயில் வெட்டிய களிமண்ணை
அமிலத்தில் ஓரிரவு ஊறவிட்டு,
புளிப்புப் போகும்வரை அலசி,
காயவைத்துச் சலித்தால்
பிட்டு மாவுதான், பார்வைக்கு.
எடைபோட்டுக் கொட்டிக் கலக்கினாள்.
பேச்சில்லை. மோட்டார் இரைச்சல் மட்டும்.
என் டீ ஆறி ஏடு கட்டியபோது
பச்சை வெளிறியிருந்தது.

பிட்டுக்கு மண் சுமந்த ஊர் இது.
இங்கே
மண் சுமக்கிறது.

அடியில் படிந்ததைச் சாக்கில் அள்ளித்
தேதி போட்டாள்; கீழே, சிவப்பு மையில்,
"வயலுக்கு ஆகாது."
கொட்டகையில் இது பதினேழாவது.

தண்ணீர் தன் பாரத்தை
இறக்கிவைத்துவிட்டுப் போயிற்று.
மண்ணிடமிருந்து
யார் வாங்கிக்கொள்வது?