தாளில் உள்ளபடி

எட்டு மணிக்கு என்று கதவில் ஒட்டியிருந்தார்கள்.
எட்டே முக்காலுக்கு
மர்டோ தன் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தான்.
அது அவன் நெற்றியிலேயே இருந்தது.
யாரும் சொல்லவில்லை;
எங்களுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டுமே.

தர்சோவில் பிப்ரவரி.
வெளியே கடற்காற்று,
உள்ளே ஈரக் கோட்டுகளின் வாடை,
ஆறு மேசைக்கு இரண்டு பென்சில்.
எங்களுக்கு வாய்த்ததை நான் காதில் செருகியிருந்தேன்.
பக்கத்து மேசைப் பல்வைத்தியர்கள்
பியரைக்கூடக் கவனிக்காமல்
என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒலிபெருக்கி கழிப்பறையில் மட்டும் வேலை செய்தது.
அங்கே அவன் குரல் அசரீரிபோல் முழங்கியது;
இங்கே, கொசு.
ஆகவே எங்கள் ஃபெர்கஸை அங்கே நிறுத்திவைத்தோம்.
கதவிடுக்கில் தலையை நீட்டிக் கேள்வியைக் கடத்துவான்:
"ஏதோ ஒரு போப்... எத்தனை வருஷம்!"
எந்தப் போப்?
யாரோ கை உலர்த்தியைப் போட்டுவிட்டார்களாம்.

இரண்டாம் சுற்று, போன வாரத்துச் சுற்றேதான்.
மூன்றாம் சுற்றைக் காணோம்.
நான்காவதில் படம் பார்த்துப் பெயர் எழுத வேண்டும்.
நகல் இயந்திரத்தில் மை தீர்ந்து
எட்டு முகமும் ஒரே சாம்பல் மூட்டம்.
எட்டுக்கும் "மூட்டம்" என்றே எழுதிக் கொடுத்தேன்.
ஒரு மதிப்பெண் வந்தது.
ஏன் என்று கேட்கத் தைரியமில்லை.

பிறகு அந்தக் கேள்வி.
பேய்க்கணவாய்க்கு எத்தனை இதயம்?

நான் மோராக்கைப் பார்த்தேன்.
ஸ்கிராப்ஸ்டர் துறையில் இருபத்தாறு வருஷம் மீன் அறுத்தவள்.
சிங்கிறால் கூண்டில் திருட நுழைந்து மாட்டிக்கொண்ட
எத்தனையோ பேய்க்கணவாய்களை
ஒற்றைக் கட்டைவிரலால்
உள்வெளியாகத் திருப்பிப்போட்டவள்.
மூன்று விரலைக் காட்டினாள்.
அதில் ஒன்று பாதி விரல்.

"விடை இரண்டு" என்றான் மர்டோ.

எழுந்துவிட்டேன்.
மூன்று.
"தாளில் இரண்டு என்றுதான் இருக்கிறது."
தாள் தப்பு.
"தாளை நான் எழுதவில்லையே."
பின்னே யார்?
திருப்பிப் பார்த்தான்.
பின்பக்கம் போன மாத முட்டைக் கணக்கு.
"சரி, அரை மதிப்பெண் போட்டுக்கொள்."

மூன்றுக்கு அரை.
இந்தக் கணக்கை எந்த வாத்தியாரிடம் போய்ச் சொல்வேன்?

பல்வைத்தியர்கள் ஜெயித்தார்கள், அரை மதிப்பெண்ணில்.
பரிசு, ஒரு முழம் ரத்தத் தொத்திறைச்சி.
அவர்களில் இருவர் சைவம்.

மழையில் நடந்தோம்.
வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன்.
மர்டோவை, அவன் கண்ணாடியை, தாளை,
தாள் செய்த மரத்தை.
பாலத்தருகே மோராக் நின்றாள்.
"நீந்தும்போது ஒன்று நின்றுவிடும், தெரியுமா?
நடுவில் இருப்பது.
அதனால்தான் சீக்கிரம் களைத்துப்போகும்,
நீந்துவதைவிட ஊர்ந்து போகத்தான் அதற்கு இஷ்டம்.
மர்டோ கேட்டது
நீந்துகிற ஒன்றைப் பற்றியாக இருக்கலாம்."

அப்படியென்றால் கேள்வியில் சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.
"சொல்லியிருக்க வேண்டும்தான்" என்றாள்,
ஆற்றைப் பார்த்துக்கொண்டு.
அவள் மன்னித்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பின்னால் ஃபெர்கஸ் ஓட்டமும் நடையுமாக வந்தான்.
ஒலிபெருக்கியை அணைத்த பிறகும்
அங்கேயே காத்திருந்தானாம்.
முடிந்துவிட்டது என்று யாரும் போய்ச் சொல்லவில்லை.
மூச்சிரைக்கக் கேட்டான்:
"கடைசிக் கேள்விக்கு என்ன எழுதினீர்கள்?"

எந்தக் கடைசிக் கேள்வி?

மூவரும் அப்படியே நின்றோம்.
காதைத் தொட்டுப் பார்த்தேன், பென்சில் இருந்தது.
திருப்பிக் கொடுக்கப்போவதில்லை.
அடுத்த வியாழன்
ஆறு மேசைக்கு ஒரு பென்சில்.