திருப்பிப் போட்ட கே

ஆகஸ்ட் பத்தொன்பது.
முதலிடத்துக்கும் நமக்கும்
இருபத்திரண்டு ஆட்டத் தூரம்.
'நமக்கும்' என்கிறேன், கவனித்தீர்களா,
எனக்கு அங்கே யாரும் சம்பளம் தருவதில்லை.
ஈரி ஏரிக்கரை நகரத்தில்
பேருந்துகளுக்கு பிரேக் மாற்றுகிறவன் நான்.
முப்பத்தாறு பேருந்தில் ஒன்று பிடிக்காவிட்டாலும்
மறுநாள் என் பெட்டியைக் காலி செய்யச் சொல்வார்கள்.

ஹெரான்ஸ் அணிக்கு அந்தச் சட்டம் இல்லை.

ஐந்நூற்றுப் பதினான்காம் பகுதி, கடைசி வரிசை.
இங்கிருந்து பார்த்தால்
ஆட்டக்காரர்களைவிடக் கடற்காகங்கள் பெரியவை.
ஏழாவது இன்னிங்ஸில் இறங்கிவிடும்,
சிந்திய சோளப்பொரிக்கு.
ஒரு பொரியைக்கூட அவை தவறவிட்டு நான் பார்த்ததில்லை.
நடுக்களத்து டெவின் ஆர்ஷம்போ
வாரத்துக்கு இரண்டு பந்து தவறவிடுகிறான்,
பிறகு கையுறையை முறைக்கிறான்
அது யாருடையதோ என்பதுபோல.

பந்துவீச்சா?
எட்டாவது இன்னிங்ஸில் காப்பாற்ற வருகிறான்
இஸ்மாயேல் கின்டானா.
எரிகிற கொள்ளி போதாதென்று
கையோடு எண்ணெயும் கொண்டுவருவான்.

பக்கத்து இருக்கை ரோஸன் ப்ரெவிட்,
தபால் பிரித்து ஓய்வுபெற்றவள்,
கடுகுச் சாஸைக்கூட வீட்டிலிருந்து எடுத்து வருவாள்.
"இன்னைக்கு அடிப்பான் பாரு"
ஏப்ரலிலிருந்து இதே வாக்கியம்.
அவள் வாக்கு பலிப்பதில்லை.
என்னுடையதுதான் கரிநாக்கு,
'டபுள் பிளே' என்று முணுமுணுத்து வாய் மூடுவதற்குள்
இரண்டு பேர் அவுட்.

என் மடியில் ஸ்கோர் புத்தகம்.
மூன்றாவது வீச்சிலும் காற்றை அடித்தவனுக்குக்
கட்டத்தில் ஒரு கே.
அடிக்கக்கூட முயலாமல்
மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு
பந்து போவதை வேடிக்கை பார்த்தவனுக்கு
அதே கே-யைத் திருப்பிப் போட வேண்டும்,
சுவரைப் பார்த்து நிற்க வைத்த பையன் மாதிரி.

முதல் பேஸ்காரன் வெண்டெல் கோசாக்.
கடந்த முப்பத்தாறு முறை வந்தும்
ஓர் அடி இல்லை.
அவன் வரிசை முழுக்க கே, கே, திரும்பிய கே,
ஏதோ ஒரு மொழியின் இரங்கல் கடிதம்.

பேருந்தின் அடியில் மல்லாந்து கிடந்தபடி
அவனுக்கென்றே ஒரு பேச்சு தயாரித்திருந்தேன்.
ஜூன் முழுக்க மெருகேற்றினேன்.
அவன் சம்பளம் அதில் வரும்,
என் டிக்கெட் விலை வரும்,
ஒன்பது டாலர் பீர் இரண்டு இடத்தில் வரும்.

செவ்வாய் இரவு, மணி பதினொன்று நாற்பது.
மேம்பாலத்தடி பெட்ரோல் பங்க்கில்
காற்றடிக்கும் இயந்திரத்தின் முன் மண்டியிட்டிருந்தான் கோசாக்.
இடது பின்சக்கரம் தரையோடு தரை.
காசு போடுகிறான், அது துப்புகிறது.
போடுகிறான், துப்புகிறது.
மூன்றாவது முறையும் துப்பியபோது
என் கை தன்னையறியாமல் பென்சிலைத் தேடியது.

பேச்சை ஆரம்பிக்க வாய் திறந்தேன்.
"பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுங்க" என்றது வாய்.

தட்டினான்.
காசு உள்ளே விழுந்தது.
முப்பத்தாறுக்குப் பிறகு
அவன் கைக்குச் சரியாக அகப்பட்ட முதல் பொருள்.

இன்னும் இரண்டு காசு தேவைப்பட்டது. கொடுத்தேன்.
வாங்க நீண்ட உள்ளங்கையில்
பிளாஸ்திரிக்கு மேல் பிளாஸ்திரி,
ஓரத்தில் தோல் சுருண்டிருந்தது.
"நாளைக்குத் தந்துடறேன்" என்றான்,
இருவரும் ஒரே பட்டறையில் வேலை பார்ப்பதுபோல.
ஒரு ரூபமும் இல்லாமல்
என் ஜூன் மாதம் எங்கேயோ போய்விட்டது.

மறுநாள். ஒன்பதாவது இன்னிங்ஸ்.
பேஸில் இரண்டு பேர், அவுட் இரண்டு,
ஒரே ஓட்டம் பின்தங்கியிருக்கிறோம்.
கோசாக் வந்தான்.
மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்.
நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்,
கரிநாக்கு உள்ளேயே கிடக்கட்டும்.
"இன்னைக்கு" என்றாள் ரோஸன்.

பந்து வந்தது.
நடு மத்தியில், வயலில் விளைந்த பூசணி மாதிரி.
அவன் அதைப் பார்த்தான்.
எல்லாரும் பார்த்தோம்.

முப்பத்தேழு.
அழுத்தியதில் பென்சில் முனை ஒடிந்தது.
ரோஸன் தன் புருவப் பென்சிலை நீட்டினாள்.
பழுப்பு நிறத்தில்
சற்றுப் பெரிதாகவே திருப்பிப் போட்டேன் கே-யை.

என் ஐம்பது சென்ட் பாக்கி இன்னும் வரவில்லை.
சனிக்கிழமை ஒரே நாளில் இரண்டு ஆட்டம்,
மழை வரும் என்கிறார்கள்.
இருக்கை துடைக்க
பட்டறையிலிருந்து ஒரு துணி எடுத்து வைத்திருக்கிறேன்.